உப்பைத் தள்ளிய பனிவண்டி

ஆம்பூர்,
டிசம்பர் 26.

அன்புள்ள தமிழினி அப்பாவுக்கு,

ஜோலார்பேட்டை அலுவலகம் உங்கள் இடமாற்றத்துக்குச் சம்மதித்துவிட்டது. அங்கே குமாஸ்தாவாக இருக்கும் ராஜேஷ் நேற்று எங்கள் கிறிஸ்துமஸ் குடிலைப் பார்க்க வந்தபோது நேரில் சொன்னார். அதிகாரி கையெழுத்துப் போட்டதைத் தன் கண்ணால் பார்த்தாராம். ஜோலார்பேட்டையிலிருந்து உங்கள் காஷ்மீர் இடத்துக்குப் போக விரும்பும் ஜம்முக்காரரும் எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்கள் அங்கிருந்து சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஜனவரி பத்து கடைசி நாள். போன வாரம் இதைப் பற்றிக் கேட்டதற்கு 'பார்க்கலாம்' என்றீர்கள்.

இங்கே எல்லோரும் சுகம். தமிழினிக்கு இருமல் நின்றுவிட்டது. உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் கம்மி. போனில் பேசினால், பிள்ளை குரலைக் கேட்க அத்தை ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம். பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

குடில் வைப்பது இந்த வருடம் எங்கள் தெருவின் முறை. எப்போதும் போல வைக்கோல், ஆட்டுக்குட்டிகள், பஞ்சில் பனி. பனி கொட்டப் போகிறோமே, அதைத் தள்ளும் ரயில் வண்டியும் இருக்கட்டும், நான் செய்கிறேன் என்றேன். பெத்லகேமில் ரயில் ஏது என்று தெருக்காரர்கள் கேட்டார்கள். "பெத்லகேம்ல பஞ்சு கொட்டலாம்னா ரயிலும் ஓடலாம், போங்கய்யா" என்று அத்தை எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்கள். குடிலுக்காக என்று சொன்னது பாதிதான் உண்மை. அந்தப் பனிஹால் ஸ்டேஷனில் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து, கம்பெனியில் ஷூவுக்குச் செய்வது போலவே முதலில் காகிதத்தில் அச்சு வெட்டினேன். வண்டியின் உடம்பு முழுக்க இன்சோல் அட்டை. ஆணித் தலைகளுக்கு லேஸ் கோக்கும் ஐலெட். சக்கரங்களுக்குத் தையல் மெஷினில் நூல் சுற்றும் பாபின். தண்டவாளமாக வைத்த ஜன்னல் திரைக் கம்பிகளில் பாபினின் நடுப்பள்ளம் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. பக்கவாட்டில் விரியும் இரண்டு கத்திகளும் ஷூ அடியில் வைக்கும் ஷேங்க் எஃகு. பால்பவுடர் டப்பா தகரத்தில் ஆறு இலை வெட்டி, முன்னால் சுழலும் சக்கரத்தைச் செய்தேன். அதைச் சுற்ற, தமிழினியின் உடைந்த காரிலிருந்து மோட்டாரை எடுத்தேன். அவள் இன்னும் என்னோடு சண்டைதான்.

முதல் ஓட்டத்தில் சக்கரம் சுழன்றது, ஆனால் ஒரு பஞ்சும் நகரவில்லை. மோட்டாரை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. சக்கரத்தைக் கம்பெனிக்கு எடுத்துப் போய் எங்கள் சூப்பர்வைசர் கோதண்டராமனிடம் காட்டினேன். ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "இன்னாமா மெர்சி, மூணு லெஃப்ட்டு மூணு ரைட்டு வெட்டிக்கீற. ஃபேனுக்கு ஏதுமா ஜோடி?" என்றார். பதினாறு வருடமாக எதை வெட்டினாலும் அச்சைத் திருப்பிப் போட்டு மறு காலுக்கும் வெட்டிப் பழகிய கை. மூன்று இலை முன்னால் தள்ள, மூன்று இலை பின்னால் இழுத்திருக்கிறது. அன்றிலிருந்து சாம்பிள் பிரிவில் எனக்கு 'ஃபேன் ஜோடி' என்று பெயர்.

ஆறும் ஒரே பக்கமாக வெட்டிப் பொருத்தியதும் வேறு பேஜார். பஞ்சு நூல் மாதிரி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. எதிர்வீட்டு ரஃபி அகமது பாய் பார்த்துவிட்டு, "பஞ்சு வேலைக்காவாதும்மா, உப்பு போடு. எங்க தோல் பதம் பண்ற ஷாப்புல மலையா கீது, ஆனா நாத்தம் ஜாஸ்தி. கடையில வாங்கிக்க" என்றார். கல்லுப்பு சரியாக வந்தது. மூன்றாம் நாளே ஷேங்க் துருப்பிடித்ததால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

நேற்று ஆராதனை முடிந்ததும் ஓட்டினோம். வண்டி உப்புக்குள் மூக்கை நுழைத்து ஒரு கணம் திணறியது. அப்புறம் உப்பு ஒரு பக்கமாக வில் போல வளைந்து வெள்ளையாகக் கொட்டியது. பின்னால் கம்பி பளிச்சென்று தெரிந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கத்திவிட்டேன். பனி விழுந்த மறுநாள் உங்கள் வண்டி வழி திறந்துவிட்டுப் போகும்போது, ஊர்க்காரர்கள் ரொட்டியும் டீயும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனில் நிற்பார்கள் என்று சொல்வீர்களே, அது நினைவுக்கு வந்தது. நீங்கள் ஏன் 'பார்க்கலாம்' என்கிறீர்கள் என்பதும் எனக்கு அப்போது புரிந்தது. அதைப் புரியாத மாதிரி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். பக்கக் கத்தியை ஏற்றி இறக்கும் லிவர் எவ்வளவு உயரம் என்று போனில் கேட்டிருந்தேன். முழங்கை உயரம், இடது கையால் இழுக்க வேண்டும், தண்டவாளம் பிரியும் இடம் வருவதற்கு முன்னால் தூக்காவிட்டால் கத்தி மாட்டிக்கொள்ளும், குளிரில் இரும்பு விரலைப் பிடித்துக்கொள்ளும் என்று மூச்சுவிடாமல் சொன்னீர்கள். உங்களுக்கு ஸ்டோர் ரூம் வேலை என்றுதான் எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்டோர் ரூமில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுப்பவருக்கு இது தெரியாது. நான் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. லிவரை மட்டும் நீங்கள் சொன்ன உயரத்திலேயே வைத்தேன். பக்கத்தில் அட்டையில் ஒரு ஆளையும் நிறுத்தினேன்.

அத்தை அந்த ஆளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவன் எதுக்கு வெளிய நிக்கிறான்?" என்றார்கள். யாராவது ஒருவர் நிற்க வேண்டுமாம் அத்தை என்றேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, நீங்கள் முதல் லீவில் வாங்கி வந்த கம்பளிச் சால்வையை எடுத்து என் மடியில் போட்டார்கள். இதுவரை பத்திரப்படுத்தி, ஞாயிற்றுக்கிழமைகூடப் போர்த்தாத சால்வை. "நீ கையுறைக்குத் தோல் வெட்டி வெச்சிக்கீறல்ல, உள்ளாற இத்த வெச்சித் தை. ஸ்டோர் ரூமும் குளுருமே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்கள்.

பார்சலில் அந்தக் கையுறைகள் இருக்கின்றன. ஆட்டுத்தோல், உள்ளே அத்தையின் சால்வை. கோதண்டராமன் கழிவுத் துண்டுகளில் தேடி நல்லதாக எடுத்துக் கொடுத்து, வெளியே கொண்டுவர கேட் பாஸும் எழுதித் தந்தார். இந்த முறை ஜோடியாகத்தான் வெட்டினேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இடது உள்ளங்கையில் இரட்டைத் தோல் வைத்திருக்கிறேன். விரல்களில் தையல் வெளிப்பக்கம் வரும்படி தைத்திருக்கிறேன், பிடிக்கும்போது உறுத்தாது. முதலில் இறுக்கமாக இருக்கும்; நான்கு நாள் போட்டால் கைக்கு வந்துவிடும்.

குடிலைப் பொங்கலுக்கு முன்னால் பிரிக்கிறார்கள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து டிவி மேல் வைக்கப் போகிறோம். இலைகளை எந்தச் சரிவில் வளைக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. உப்பு கொஞ்சம் கிட்டவே விழுகிறது. அதை வண்டியில் நின்றவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதம் பத்தாம் தேதிக்குள் போனால், மாத முடிவில் உத்தரவு வந்துவிடும் என்று ராஜேஷ் சொல்கிறார். போகாவிட்டால் அந்த ஜம்முக்காரர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். முடிவை உங்களிடமே விடுகிறேன்.

கர்த்தர் உங்களை அந்தக் குளிரிலும் காக்கட்டும். கையுறையை வேலையில் ஒரு நிமிடம்கூடக் கழற்றாதீர்கள். ஒரே ஒரு கையெழுத்துக்கு மட்டும் கழற்றலாம். அதற்கும் வலது கை போதும்.

உங்கள்
மெர்சி