ஓட்டிவிட்ட காட்சிகள்

ஜூலை 8, திங்கள்

படகுத்துறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. மீன் விற்கப் போக முடியாது. மருமகள் இளவரசி தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே எனக்கு டிவியில் படம் போட்டுவிடுகிறாள்.

இன்று மீனவர் படம். கதாநாயகன் இஸ்திரி போட்ட சட்டையோடு வலை வீசுகிறான். துண்டு உதறுகிற மாதிரி ஒரு வீச்சு. எறாகூட சிரிக்கும். மீன் விற்கிறவள் கையில் ஒரு செதில் இல்லை. அம்மாவாக நடித்தவள் மட்டும் நல்லா செய்தாள். வாயே திறக்காமல் சோறு பிசைந்து வைத்தாள்.

ஒன்றுதான் புரியவில்லை. கதாநாயகனின் அப்பா படகில் ஏறினார். அடுத்து பார்த்தால் சுவரில் மாலை போட்ட போட்டோ. நடுவில்?

"போர் அத்தே. அந்தக் காட்சிய ஓட்டிட்டேன்."

"படம் பாக்குறது நானு. போரா இல்லையானு நீ சொல்லுவியா?"

ஜூலை 10, புதன்

மாமியார் கொடுமைப் படம். மருமகளைப் பட்டினி போடுகிறாள். இளவரசி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இன்னாடி பாக்குற? எறா தொக்கு ஊட்டாத கொறையா போட்டவ நானு."

சிரித்துவிட்டாள். நானும்தான்.

ஜூலை 11, வியாழன்

வெள்ளம் வருகிற படம். இன்றும் ஓட்டினாள். ரிமோட்டைக் கேட்டேன், தரவில்லை.

அம்மா புத்திதானே மகளுக்கும் வரும். பொன்னேரியிலிருந்து அந்த லோகநாயகி முதல்முதலாகச் சம்பந்தம் பேச வந்தபோதே என் நடுவீட்டில் நின்று மூக்கை மூடினாள். நீலப் புடவை, சிவப்புக் கரை, அந்தத் தலைப்பால் மூடினாள். கல்யாணம் நடந்தது, ஆனால் அன்றோடு அவளிடம் பேச்சை விட்டேன். என் மகன் தீனா எவ்வளவோ கெஞ்சினான். முடியாது என்றால் முடியாது.

ஜூலை 13, சனி

கை ஓடவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இளவரசி அடுப்படியில் மடவை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை ஈரம், போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். லோகநாயகியின் குரல்.

"கண்ணு, இந்தப் படத்த கடைசி வரைக்கும் பாத்துட்டேன். எடவேளைக்கு அப்பறம் படகு கவுருது. ஆள கரையில போட்டு அழுவுறாங்க. அத்தைக்கு அது வேணாம். கோயில் காட்சி வர்ற வரைக்கும் ஓட்டிடு."

"சரிம்மா."

"நான் சொன்னேன்னு சொல்லிடாத. அப்பறம் படமே பாக்க மாட்டாங்க."

லோகநாயகியா? மூக்க மூடுனவளா? என் வூட்டுக்காரர் முகத்துவாரத்துல படகு கவுந்து போனத மனசுல வச்சிக்கினு, எனக்காக ஒரு முழுப் படம் உக்காந்து பாக்குறாளா — அவளா?

ஜூலை 14, ஞாயிறு

விடிந்ததும் இளவரசியைக் கேட்டேன். மறைக்கவில்லை.

"முன்னாடியே பாத்து வைக்க எனக்கு நேரம் இல்ல அத்தே. அம்மா தான் நான் பாக்குறேன்னாங்க. மொத படத்துலர்ந்து அவுங்க தான்."

"அவர கரையில பாத்தவடி நானு. சினிமாவுக்கா பயப்படுவேன்?"

"பயப்பட மாட்டீங்க. தூங்காம கெடப்பீங்க."

அவரைக் கரையில் கிடத்தியபோது ஊரே சுற்றி நின்றது. யார் யார் நின்றார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். என் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிட ஒரு கை வரவில்லை. இத்தனை காலம் கழித்து அந்தக் கை பொன்னேரியிலிருந்து வந்திருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

படம் வேண்டாம் என்றேன். ஒரே யோசனை.

ஜூலை 17, புதன்

போனை வாங்கி நானே பேசினேன்.

"சம்பந்தி, ராஜாத்தி பேசுறேன்."

அவள் வாய் திறக்குமுன் நானே தொடர்ந்தேன்.

"அழுவுற படமெல்லாம் ஒண்டியா உக்காந்து பாக்காதீங்க. சிரிப்புப் படமா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. சேந்து பாக்கலாம்."

"சரிங்க... சரிங்க சம்பந்தி." குரல் உடைந்துபோனது. "காலு எப்பிடி இருக்கு?"

"கெடக்குது."

நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன். நன்றி, லோகநாயகி. நல்லா இரு.

மூக்கை மூடினது வேற. அதை மறக்கல.

ஜூலை 21, ஞாயிறு

லோகநாயகி தேர்ந்தெடுத்த படம். அவள் அங்கே, நான் இங்கே, ஒரே நேரத்தில் போட்டோம். போன் ஸ்பீக்கரில். படம் சுமார்தான். கதாநாயகன் எல்லாவற்றுக்கும் கத்துகிறான். ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் ஒழுங்காக நடித்தது.

"அந்தக் குட்டியையே ஹீரோவா போட்டிருக்கலாம்," என்றேன்.

லோகநாயகி சிரித்த சிரிப்பில் தையல் மிஷின் சத்தமே அமுங்கிப்போனது. காட்டுச் சிரிப்பு.

படம் முடிந்து பேரெல்லாம் ஓடியது. போனை அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.