முதலில் கொடுக்க வேண்டிய கவர்

என் அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி சௌக்கியமாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நீ இரண்டு நிமிஷத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படிதான் ஆகவில்லை. அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்தாள், போகும்போது உன் அறையில் இருந்த மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், நீ கேட்டால் அம்மா எவ்வளவோ தடுத்தாள் என்று சொல்லச் சொன்னாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. வாஷிங் மெஷின் பற்றிக் கேட்காதே, அது இந்தக் கதைக்குள்ளேயே வருகிறது.

வாட்ச் வாங்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ நடுவில் இருப்பதை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவாய். அது இன்னமும் அந்தப் பல் டாக்டர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. இந்த மாதம் முப்பதாம் தேதி வரைக்கும் உனக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். நீ பிறந்த வருஷத்தில் செய்த வாட்ச் என்று நாலு வருஷமாகத் தேடினாய், அந்தப் படத்தை எனக்கு எத்தனை தரம் அனுப்பினாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன், எரிந்து விழாமல் படி.

நீ அவரிடம் ஒரு மணி நேரம் பேசி விலையை முடித்தாய், முழுத் தொகையையும் எனக்கு அனுப்பினாய். அன்றைக்குச் சாயங்காலமே மறுபடி கூப்பிட்டு, அம்மா, முழுசையும் எடுத்து நீட்டிடாதே, பத்துல ஒரு பங்கு குறைச்சு ஒரு கவர்ல வை, இவ்வளவுதான் புரட்ட முடிஞ்சதுன்னு சொல்லு, பணத்தைக் கண்ணால பாத்துட்டா வயசானவர் விட மாட்டார், ஒத்துக்கலேன்னா மட்டும் மிச்சத்தை எடு என்றாய். பழைய சாமான் வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் என்றும் சொன்னாய். மிச்சம் பிடித்தால் உனக்கு வாஷிங் மெஷின் என்றாய். நான் மாட்டேன் என்றேனா? சொல்லவில்லை. குளியலறை மூலையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தும் பார்த்துவிட்டேன். ஆகவே இதில் பாதிப் பழி என்னுடையது, அதைத் தெரிந்துகொண்டுதான் உன்னைத் திட்டப் போகிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அப்பா ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். வீட்டு முன்னறைதான் முன்பு அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் இடமாம், கிளினிக்கை மூடி ஆறு மாதம் ஆகியும் சுவர் ஓரமாக நாற்காலிகள் வரிசையாகத்தான் இருக்கின்றன, அதில் உட்கார்ந்ததுமே எனக்குக் கடைவாய்ப் பல் கூசியது. அவர் மனைவிக்குக் காது அவ்வளவாகக் கேட்காது, அதனால் அந்த வீட்டில் எதையும் உரக்கத்தான் சொல்ல வேண்டும். மேஜை மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, வாட்ச், அதன் பெட்டி, வாங்கிய ரசீது, சர்வீஸ் செய்த ரசீதுகள் என்று தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, பாருங்கம்மா, பக்கத்துல இந்தக் கீறல் கிளினிக் டிராயர்ல இடிச்சது, ஸ்ட்ராப் பழசு இல்லை, நான் மாத்தினது, உங்க பையன்கிட்டயும் சொல்லிட்டேன் என்றார். வெளிச்சத்தில் பார்க்கட்டும் என்று ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

டீ குடிக்கும்போதுதான் சொன்னார். உனக்கு முன்னால் நாலு பேர் வந்தார்களாம். நாலு பேரும் போனில் ஒரு விலைக்குச் சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து குறைத்தார்களாம். ஒருத்தன் வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு அவிழ்க்காமலே பேரம் பேசினானாம், இன்னொருத்தன் கூட ஒரு ஆளை அழைத்து வந்தானாம், அந்த ஆளுக்கு உச்சுக்கொட்டுவது மட்டும்தான் வேலை. வெறுத்துப்போய் விளம்பரத்தையே எடுத்துவிடலாம் என்றிருந்தபோது நீ பேசியிருக்கிறாய். சார், பேசின விலை பேசினதுதான், என் பக்கத்திலேர்ந்து மாறாது என்று நீ சொன்னதை அப்படியே உன் குரலில் சொல்லிக் காட்டினார். மறுநாளே வேறொருவர் கூடுதலாகத் தருகிறேன் என்று கேட்டாராம், வித்துப் போச்சு என்று அனுப்பிவிட்டாராம். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும், பணத்தைப் பிரித்து வைத்திருந்த இரண்டு கவரையும் ஒன்றாக எடுத்து வைத்திருக்க வேண்டும். காதில் உன் குரல், கண்ணில் குளியலறை மூலை. என் மகனால இவ்வளவுதான் புரட்ட முடிஞ்சது டாக்டர் என்று சொல்லி முதல் கவரை நீட்டிவிட்டேன்.

இனிமேல்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் ரத்தக் குப்பிக்கும் சிறுநீர்க் குப்பிக்கும் சீட்டு எழுதி ஒட்டிய கை இது. உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதியிருப்பதற்கு நீ செய்யாத கேலி இல்லை. இரண்டு கவர், ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் நினைப்பு. முதல் நாளே அவற்றின் மேல் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன், எழுதியதும் மறந்துவிட்டேன். அவர் கவரை வாங்கினார், பிரிக்கவில்லை, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே எழுதியிருந்ததைப் படித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மனைவி, என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். அவர் ஒண்ணுமில்லை என்று தலையை ஆட்டினார். அந்த அம்மா விடவில்லை, மறுபடியும் கேட்டார். அந்த வீட்டில்தான் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாதே, அவர் வேறு வழியில்லாமல் உரக்கப் படித்தார்: "முதலில் கொடுப்பது." அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எந்தக் கபடமும் இல்லாமல், இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கங்க என்று சொல்கிற அதே முகத்தோடு என்னைப் பார்த்து, அப்போ ரெண்டாவது எங்கே என்றார்.

உன் அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடக்கூட இல்லை. நான் கைப்பையிலிருந்து இரண்டாவதையும் எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி மேஜையில் வைத்தேன். டாக்டர் அதைத் திருப்பினார். "ஒப்புக்கொள்ளாவிட்டால் மட்டும்." அதை அவர் உரக்கப் படிக்கவில்லை. என் வாழ்நாளில் நான் அப்படிக் கூனிக் குறுகி உட்கார்ந்ததில்லை, கண்ணா. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, விலை பேசறது தப்பே இல்லைம்மா, முடிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு வேணா இழுத்திருக்கலாம், நானும் கொஞ்சம் இறங்கியிருப்பேன், முடிச்சதுக்கு அப்புறம் பேசணும்னா ஒரு காரணம் வேணுமில்ல என்றார். நாங்கள் எழுந்திருக்கப் பார்த்தோம். இருங்க, உங்க பையன் கேட்டார்னு பதினொரு மணிக்கு வாட்ச் ரிப்பேர்காரரை வரச் சொல்லியிருக்கேன், திறந்து பாத்துடுங்க, அதுவும் பேசினதுதானே என்றார். அந்த 'அதுவும்' என்ற சொல் எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

ரிப்பேர்காரர் வந்தார், கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். சாவி கொடுக்கிற திருகு உள்ளே போகிற இடத்தில் துரு. எப்போதோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. மாத்திடலாம் சார், ஆனா பழைய விலைக்கு நிக்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டருக்கு நிஜமாகவே தெரியாது. முகம் சுண்டிப்போய்விட்டது. லென்ஸை வாங்கித் தானும் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார், காபிக் கறை மாதிரி ஒரு வளையம் தெரிந்தது.

இப்போது உனக்குப் புரிகிறதா? விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க உண்மையான காரணம் ஒன்று கண் முன்னால் திறந்து கிடந்தது. அது பத்தில் ஒரு பங்கைவிடக்கூட அதிகமாக இருக்கலாம். பொய் சொல்லாமல் இருந்திருந்தால் தலை நிமிர்ந்து, டாக்டர், இதுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருப்பேன், அவரும் தானாகவே குறைத்திருப்பார். கவர் இரண்டும் மேஜை மேல் கிடக்கும்போது அதை எந்த வாயால் கேட்பது? அவர்தான் இரண்டு கவரையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்து, சொல்லுங்கம்மா, எந்தக் கவர்லேர்ந்து குறைக்கட்டும் என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. அப்பாதான் முதல் முறையாக வாயைத் திறந்து, தப்பு எங்களுது டாக்டர் என்றார். நானும் எழுந்து நின்று, மகன் சொல்லிக் கொடுத்தான், நான் தலையாட்டினேன், ரெண்டு பேரும்தான் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவர் இரண்டு கவரிலும் இருந்த பணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் பேசினது உங்க பையன்கிட்ட, அவரே பேசட்டும், ஆனா நான் ஒரு விலை சொன்னா அவர் அதுக்குக் கீழே ஒண்ணு சொல்லுவார், அதனால இந்தத் தடவை நான் சொல்லப் போறதில்லை என்றார். ஒரு துண்டுத் தாளில் ஏதோ எழுதி, மடித்து, காலியான அந்த முதல் கவருக்குள்ளேயே வைத்து ஒட்டினார். உங்க பையன் எனக்குப் போன் பண்ணி, துருவுக்கு நியாயமா என்ன குறையணும்னு அவர் வாயால சொல்லட்டும், அப்புறம் பிரிக்கட்டும் என்றார். வெளியே வரும்போது அவர் மனைவி வாசல் வரை வந்து, வாட்சை எடுத்துக்கலியா என்று கேட்டது கீழ் மாடி வரைக்கும் கேட்டது.

ரிப்பேர்காரர்தான் அப்பாவைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி விட்டார். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது தானாகவே சொன்னார், எங்க தொழில்ல தினம் பாக்கறதும்மா, புதுசா ஒரு குறை தெரிஞ்சா முதல்ல உடையவர் கண்ணுல காட்டணும், செலவு என்ன ஆகும்னு என்னை மாதிரி ஆள்கிட்ட கேட்டுட்டு ஒரே ஒரு தொகை சொல்லணும், சொல்லிட்டு வாயை மூடிக்கணும், அவர் மாட்டேன்னா கும்பிட்டுட்டு எழுந்து வந்துடணும், காரணம் வாட்சுக்குள்ள இருக்கணும்மா, கைப்பையில இருக்கக் கூடாது என்றார். செலவை ஒரு சீட்டில் எழுதித் தந்தார், அதையும் இதனுடன் வைத்திருக்கிறேன்.

டாக்டர் ஒட்டிக் கொடுத்த கவரும் இதனுடன் இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், நான் பிடுங்கிவிட்டேன். உன் தந்திரத்தில் கிடைத்திருக்கக் கூடியதைவிடக் குறைவான விலையாக இருக்கலாம். விற்க மாட்டேன் என்றுகூட எழுதியிருக்கலாம், எழுதினாலும் அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பணம் முழுவதையும் திங்கட்கிழமை வங்கியில் போட்டுவிட்டேன். வாஷிங் மெஷின் பேச்சை இனி எடுக்காதே, அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முன்னறைதான் ஞாபகம் வருகிறது.

அவரைக் கூப்பிடும்போது அம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க என்று ஆரம்பிக்காதே, அந்தக் கதவை நான் ஏற்கெனவே சாத்திவிட்டு வந்தேன். முதலில் மன்னிப்புக் கேள், அப்புறம் துரு, அப்புறம் ஒரே ஒரு தொகை. உன்னைச் சிரித்துப் பேசிக் காரியம் சாதிக்கிற பிள்ளையாக வளர்த்ததற்கு நான் எத்தனையோ நாள் பெருமைப்பட்டிருக்கிறேன், இந்த ஒரு போனில் மட்டும் சிரிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள், இரவு வெகுநேரம் கண் விழிக்காதே, நல்ல பெயரோடும் நிறைந்த மனதோடும் நீ நூறு வயது இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும்போது முப்பதாம் தேதிக்கு நாலைந்து நாள்தான் இருக்கும், தள்ளிப் போடாதே. கவரில் இருந்த என் பழைய எழுத்தை அடித்துவிட்டு அதன் கீழேயே புதிதாக எழுதியிருக்கிறேன்: "பேசிய பிறகு பிரிப்பது." நீ எப்போது பிரித்தாய் என்று நான் கேட்க மாட்டேன்.

அதே கையெழுத்தில்,
உன் அம்மா