கள்ள இருட்டு

ரொறன்ரோ
2 நவம்பர் 2025

அன்புள்ள அட்சு,

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினாயா? இன்று ஐந்து மணிக்கே கறுத்துவிட்டது. உடனே உன் நினைவுதான் வந்தது. பிக்கரிங்கில் வீடு வாங்கியதும் ஸ்காபரோச் சிநேகிதியை மறந்துபோனாய். சரி, மன்னிக்கிறேன்.

சனிக்கிழமை என் பழைய புகைப்படங்களின் முதல் கண்காட்சி. மஞ்சள் தெருவிளக்கு, நனைந்த மேப்பிள் சருகு, ஆவி படிந்த கண்ணாடி, பஸ்ஸுக்கு நிற்கும் சனம். நாங்கள் வளர்ந்த நவம்பர் மாலைகள். அந்த நாளில் பிறந்திராத பிள்ளைகள்கூட இப்போது இதே மாதிரிப் படமெடுத்து இணையத்தில் போட்டு ஏங்குகிறார்கள். தலைப்பு என்ன தெரியுமா? உன் அம்மாவின் சொல், 'கள்ள இருட்டு'. மாலையைக் களவெடுக்கும் இருட்டு என்று கீழே விளக்கமும் எழுதியிருக்கிறேன். அன்ரியைக் கட்டாயம் கூட்டிவா.

உன்
ஜெனாட்

பிக்கரிங்
10 நவம்பர் 2025

ஜெனாட்,

அம்மா புதுச் சேலை உடுத்துக்கொண்டுதான் வந்தார். வாசலுக்கு நேரே அந்தப் பெரிய படம். லோண்டறிக் கடை, கண்ணாடியோரம் முதுகைக் காட்டி இருக்கும் பெண். தன் பழைய பச்சை ஜக்கெற்றை அடையாளம் கண்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் காட்டி அம்மா சிரிக்கத் தொடங்கினார். அப்போது நீ மைக்கைப் பிடித்தாய். இவர் உடுப்புத் தோய்க்க வரவில்லை, குடித்துவிட்டு அடிக்கும் கணவன் தூங்கும்வரை மகளோடு ஒளிந்திருந்தார் என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். கோயிலில் காணும் ஆட்களும் அங்கே நின்றார்கள். அவர்கள் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள்.

"பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று அவர் உன்னிடம் கேட்டதும் அதே கடையில்தான். தான் சாப்பிட வைத்திருந்த பாணில் பாதியை உனக்குத் தந்துவிட்டுக் கேட்டார்.

உன் விளக்கமும் பிழை. கள்ளமாய் வெளியே போகவிடும் இருட்டு, அதைத்தான் அம்மா சொன்னார். கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம். நாங்கள் ஓடுவதை முழு அப்பாட்மென்ரும் பார்க்கும். நவம்பரில்தான் மற்றச் சனம் மாதிரி மரியாதையாக நடந்து போனோம். அந்த மரியாதையைத்தான் நீ சுவரில் மாட்டி வைத்திருக்கிறாய்.

படத்தைக் கழற்று. வேறொன்றும் கேட்கவில்லை.

அட்சயா

ரொறன்ரோ
14 நவம்பர் 2025

என் அட்சு,

அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். அந்தப் படம் இல்லாவிட்டால் மற்றவை வெறும் விளக்கும் சருகும்தான். கண்காட்சிக்காகப் போடும் புத்தகத்தின் அட்டையிலும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள், அச்சாகிவிட்டது. அன்ரியின் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லையே. முகமும் தெரியவில்லை. அவருக்குத் தெரியாமல் எடுத்தேன், அதனால்தான் அவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது. அவருடைய துணிவை நாலு பேர் அறிவதில் என்ன குறை? கொஞ்ச நாளில் அன்ரியும் ஆறிவிடுவார். ஒருநாள் கொத்துறொட்டி கட்டிக்கொண்டு வருகிறேன், மூன்று பேரும் இருந்து கதைப்போம்.

என்றும் உன்
ஜெனாட்

பிக்கரிங்
23 நவம்பர் 2025

ஜெனாட்,

அம்மா இப்போது கோயிலுக்கும் போவதில்லை. உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'அவருக்குத் தெரியாமல் எடுத்தேன்' என்ற இடத்தில் என்னை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும். கமராவோட நிண்டவள். பிள்ளை ஆசைப்படுறாள், எடுக்கட்டுமெண்டு நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தனான்."

மிச்சத்தை வாசிக்க வேண்டாம் என்றார். நானும் வாசிக்கவில்லை. நீ இங்கே வராதே.

அட்சயா