பீடோர்க்காரரின் காரை மறித்த ஞாயிறு

அன்பு மகன் யுகேந்திரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், தேவஸ்ரீ மூவரும் உடம்பால் சுகம். கடல் தாண்டிப் பிந்துலுவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, பதினாறு நாளாக நீ எங்கள் போனை எடுக்கவில்லை. குடும்ப வாட்சப் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுவதை அவள் தன் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள், மாற்றட்டும், ஆனால் எதையும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அவள் செய்ததையும் சேர்த்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். தீபாவளிக்குப் பிறகு நம் தாமான் குடியிருப்பில் மூன்று வீடுகளில் திருடர்கள் புகுந்தார்கள். கடைசி வரிசையில் இரண்டு சமையல் கேஸ் தோம்புகளும் ஒரு மோட்டார் சைக்கிளும் போயின. பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா பெருமாள் கோயிலுக்குப் போய்வந்த ஒரு மணி நேரத்தில் பின்கதவை நெம்பி உள்ளே போய்விட்டார்கள், தாலிக்கொடி மட்டும் கழுத்தில் இருந்ததால் தப்பியது. அக்கா ஒரு வாரம் வீட்டுக்குள் விளக்கை அணைக்காமலே இருந்தார். போலிஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். அவர்களிடம் இருப்பது இரண்டு ரோந்து கார், ஒன்பது தாமான். கோப்ரல் அஸ்லி என்று ஒருவர் தாமான் மண்டபத்துக்கு வந்து, நீங்களும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். வேவு பார்க்க வருகிறவன் எப்படி வருவான் என்றும் விளக்கினார். மெதுவாகச் சுற்றுவானாம், வாடகைக்கு வீடு தேடுவதாகச் சொல்வானாம், வீட்டில் எத்தனை பேர், யார் எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்பானாம். வண்டி எண்ணை எழுதி எனக்கு மட்டும் அனுப்புங்கள், ஆளைத் தொடாதீர்கள், படத்தை எங்கும் போடாதீர்கள் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ருக்குன் தெத்தாங்கா காவல் குழுவுக்கு அப்பாதான் தலைவர். உனக்குத் தெரியுமே அவரை. எஸ்டேட்டில் விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்களே, அதேபோலச் சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டபத்து வாசலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டார். தாமதமாக வந்தவருக்குத் திட்டு. பழனியப்பன் அண்ணன், லேட்டுன்னு அர நாள் சம்பளத்துக்குப் பேரு போடாத அர்ச்சுனா என்று கிண்டல் செய்தார், ஆனாலும் மறுநாள் அவர்தான் முதலில் வந்து நின்றார். மூன்று வாரம் ஒரு திருட்டும் இல்லை. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்த ஞாயிறு நாலு மணிக்கு ஒரு வெள்ளி நிற மைவி கார் நம் வரிசையை மூன்று முறை சுற்றியது. பிறகு நம் வீட்டுக்கு எதிரே நின்றது. தொப்பி போட்ட ஒருவர் இறங்கி நம் கேட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வாசல் கால்வாயைக்கூடக் குனிந்து பார்த்தார். அப்புறம் வீரம்மா அக்காவிடம் போய், இது சொந்த வீடா, எத்தனை பேர் இருக்கிறார்கள், அப்பாவுக்கு எந்த ஷிப்டு, மகன் வெளியூராமே, எப்போது வருவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோப்ரல் சொன்னது அப்படியே கண் முன்னால் நடந்தால் அக்கா என்ன செய்வார்? திருடனை விரட்டுவதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்னது இது: "அந்த வீடாங்க? அந்தப் பக்கமே போவாதீங்க. அப்பன்காரன் முரடன், போன மாசந்தான் ரெண்டு பேர அடிச்சி ஆஸ்பத்திரியில போட்டான். மவன் அதுக்கும் மேல, அவன் பேர்ல கேஸ் இருக்கு. உள்ள மூணு நாயி, கட்டுறதே இல்ல." நம் வீட்டில் இருப்பது ஒரு பூனை.

அக்கா உடனே அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் மோட்டாரைக் குறுக்கே நிறுத்திக் காரை மறித்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். தொப்பிக்காரர் உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன் என்றார். அதற்குமேல் யார் நம்புவார்கள்? பக்கத்து சீட்டில் ஓர் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தேவஸ்ரீ காரை எண்ணோடு படம் எடுத்து, சந்தேக வாகனம், பகிரவும் என்று தாமான் குழுவில் போட்டுவிட்டாள். (இதை எழுதும்போது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதும்மா என்றேன்.) தகவல் கேட்டுக் கோப்ரல் வந்து தொப்பிக்காரரைத் தனியாக அழைத்துப் பேசிவிட்டு, திரும்பி வந்து அப்பாவின் தோளில் கை வைத்து, பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, இவர் உங்கள் மகனைப் பற்றி விசாரிக்க வந்தவர் என்றார். அப்பா மோட்டாரை நகர்த்தினார். வந்தவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெண் கொடுப்பதற்கு முன் நாலு பேரிடம் விசாரிப்பது உலக வழக்கம்தான். உன் பெரிய அத்தையைக் கொடுக்கும்போது நம் ஆட்களும் தாப்பா வரை போய்க் கடைக்காரரிடம்கூட விசாரித்தார்கள். ஆனால் விசாரிக்க ஒருவர் வருவார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் யுகேன்? ஷார்மேன் என்று ஒரு பெண் இருக்கிறாள், அவள் அப்பா பெயர் ஆம்புரோஸ், அம்மா ஐவி, பீடோரில் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கோப்ரல் வாயால் கேட்டோம். படத்தைப் பார்த்துக் கார் எண்ணை அடையாளம் கண்டு நீ போன் செய்தாய். அப்பாவிடம் நீ சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதச் சொல்லப் போவதில்லை. நீ ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும், அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அப்பா சம்மதிக்க மாட்டார் என்று நினைத்திருப்பாய். அன்று இரவு அவர் சர்ச்சைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. நம்மகிட்ட சொல்றதுக்கு என்ன, நான் என்ன அப்படிப்பட்ட ஆளா என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் அப்படிப்பட்ட ஆள்தானே.

தேவஸ்ரீ அரை மணி நேரத்தில் படத்தை அழித்துவிட்டாள், ஆனால் அது அதற்குள் பீடோர் போய்ச் சேர்ந்துவிட்டது. சர்ச்சில் ஒருவர் ஆம்புரோஸிடம் அவர் காரின் படத்தையே காட்டி, கவனமா இருங்க, கும்பல் சுத்துது என்றாராம். போன புதன்கிழமை நானும் வீரம்மா அக்காவும் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனோம். அக்கா வாசலிலேயே, நான் சொன்னதெல்லாம் பொய்ங்க, அந்தப் பையன் ஒரு கொசுவக்கூட யோசிச்சுத்தான் அடிப்பான் என்றார். ஐவி சிரித்துவிட்டார், மைலோ கலக்கிக் கொடுத்தார், ஷார்மேனின் படங்களைக் காட்டினார். கண் நல்ல கண் அந்தப் பிள்ளைக்கு. ஆனால் ஆம்புரோஸ் பட்டறையை விட்டு உள்ளே வரவே இல்லை. நாங்கள் கிளம்பும்போது, மன்னிப்பு கேக்க வேண்டியவரு நீங்க இல்லைங்க என்று மட்டும் சொன்னார். வந்து அப்படியே அப்பாவிடம் சொன்னேன். நான் விதிப்படிதான் செஞ்சேன் என்றார். மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும், மறிச்சது நான், தப்பு என்னுது, இனி எண்ணு கோப்ரலுக்கு மட்டும்தான் போவும் என்று சொன்னாராம். 

சனிக்கிழமை காலை எங்களிடம் சொல்லாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கம்பார், தாப்பா வழியாகப் பழைய சாலையில் பீடோர் வரை, அந்த முதுகு வலியை வைத்துக்கொண்டு. சாயங்காலம் ஒரு பை கொய்யாவோடு வந்தார்.  சாப்பிட்டு முடித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இவர் மன்னிப்பு கேட்டதும் ஆம்புரோஸ் மோட்டாரைப் பார்த்தாராம், சங்கிலி தொங்குதே, இதுலயா வந்தீங்க என்று ஸ்பேனரை எடுத்து உட்கார்ந்துவிட்டாராம். சங்கிலியை இறுக்கி முடித்த பிறகு, மகன் என்ன சொல்றாரு என்று கேட்டாராம். அப்பா, "எம்மேல கோவமா இருக்கான், போன் எடுக்க மாட்றான், எப்படி இருக்கான்னுகூடத் தெரியல" என்று சொல்லியிருக்கிறார். ஆம்புரோஸ் கையைத் துடைத்துக்கொண்டு, தன் போனில் உன் எண்ணைப் போட்டு, சத்தத்தைத் திறந்து வைத்து, பட்டறை மேசை மேல் வைத்தாராம்.

நீ இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாய். சாப்பிட்டாச்சா, எத்தனை மணிக்கு ஷிப்டு, டிசம்பர் லீவு கிடைத்ததா என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாய். வந்தா முதல்ல உங்க வீட்டுக்குப் போங்க, அப்புறம் உங்க அப்பாவோட இங்க வாங்க என்று அவர் சொன்னபோது, சரி அங்கிள் என்றாய். அவ்வளவு நேரமும் அப்பா பக்கத்து முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார் யுகேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது சம்மதம் கிடைத்ததைப் பற்றிப் பேசவில்லை, கோபத்தைப் பற்றியும் பேசவில்லை. "கொரலு கம்மிப்போயிருக்கு, ஏர்கோன்ல படுக்குறான் போல" என்றார், அப்புறம் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள், அந்தப் பிள்ளை கும்பிடுகிற சாமியும் இருக்கட்டும். இரவில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படு, சூடாக ஏதாவது குடி. அப்பா ஐந்தரைக்கு வேலை விட்டு வருவார், ஆறு மணிக்குப் பெரட்டு. இடையில் அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், போன் சட்டைப்பையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
கலாதேவி அர்ச்சுனன்

(எழுதியவள் தேவஸ்ரீ. அண்ணே, படத்துக்கு மன்னிச்சிரு.)