பொறிஞ்சு சேட்டனின் முகப்புப் பக்கம்

குன்னங்குளம்
செப்டம்பர் 9, 2013

அன்புள்ள டேவிஸ் சேட்டனுக்கு ரோஸிலி எழுதுவது.

நான் நலம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதமென்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இந்தத் தபால்தலைச் செலவு.

வீட்டைவிட்டு ஏன் வந்தேன் என்று ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். உங்களுக்குத் தெரியும். சர்ச் பெருநாளுக்கு வைத்த வளைவைப் பார்த்துவிட்டு விகாரியச்சன், "யாரு டேவிஸே வரைஞ்சது, அசத்திட்டாங்களே" என்றார். பக்கத்தில் உங்கள் பெண்டாட்டி நான் நிற்கிறேன். நீங்கள், "எல்லாம் நம்ம கைவேலைதான் அச்சா. இவ சும்மா டைப் அடிச்சுக் கொடுப்பா" என்றீர்கள். ஒன்பது வருடமாக நம் போர்டு கடையான டேவிஸ் கிராபிக்ஸில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியவந்தது.

சரி, அது போகட்டும். இங்கே லதிகா டீச்சர் வீட்டில் வாடகைக்கு எடுத்த மாடி அறை வசதியாக இருக்கிறது. மூடிப்போன இன்டர்நெட் கடையிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். போட்டவுடன் டிராக்டர் மாதிரி சத்தம் போடும், பிறகு தானே அடங்கிவிடும். மென்பொருள் எல்லாம் காசில்லாமல், சட்டப்படியே கிடைப்பவை. டீச்சர் பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லித்தருகிறார். நம் கடையில் ஓடும் திருட்டு சிடியைப் போல நடுவில் செத்து விழுவதில்லை. மலையாள எழுத்துருக்களையும் யாரோ புண்ணியவான்கள் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். வெப்சைட் செய்வதை வீடியோ பார்த்துப் படிக்கிறேன். காசு போட்டு வாங்கியது நல்ல திரை ஒன்றுதான், கண்ணை அடகு வைக்க முடியாதல்லவா.

பழகுவதற்காகத் தையல்கடைக்கு ஒரு விசிட்டிங் கார்டு சும்மா செய்து கொடுத்தேன். இரண்டே நிறம், ஒரே எழுத்துரு, மீதி வெள்ளை. தையற்காரர், "இவ்ளோ இடம் காலியா கெடக்கே, ஒரு பூவாவது வை மோளே" என்றார். வைக்கவில்லை.

இப்போது என் வாக்கு. கிறிஸ்துமஸுக்குள் நான் இதில் காலூன்றவில்லை என்றால் நானே கடைக்கு வந்து பழையபடி உட்காருவேன், வாய் திறக்க மாட்டேன். காலூன்றிவிட்டால் அந்தக் கடையில் திரும்ப உட்கார மாட்டேன். வீட்டுச் சங்கதியை அப்போது பேசலாம்.

மாத்திரை மறக்காமல் சாப்பிடவும்.

ரோஸிலி


திருச்சூர்
செப்டம்பர் 21, 2013

அன்புள்ள ரோஸிலிக்கு,

கடிதம் கிடைத்தது. மாத்திரை சாப்பிடுகிறேன், அதாவது நினைவு வரும்போது.

அச்சன் முன்னால் நான் சொன்னது ஒரு பேச்சுக்குச் சொன்னது. கடைப் பெயரைச் சொன்னால் அதில் நீயும்தானே இருக்கிறாய் என்று நினைத்தேன். அதற்காக ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாளா? இரண்டே பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் போனால் பாதி வீடு போன மாதிரி. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கடையில் இப்போது டிசைனும் நானே. போன வாரம் ஒரு கட்சிக்காரன் வந்தான். போர்டு பன்னிரண்டடி அகலம், தலைவர் படம் சின்னது. நான் பிடித்து இழுத்து நிரப்பிவிட்டேன். அவன் பார்த்துவிட்டு, "சேட்டா, எங்க தலைவரு என்ன பாவம் செஞ்சாரு, இப்படிப் பூசணிக்காய் ஆக்கிட்டீங்களே" என்கிறான். திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

ஓசிச் சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடுவாய் என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது. நம் ஊரில் வெப்சைட்டுக்கு யார் காசு தருவான்? ஆனாலும் வாக்கு வாக்குதான். கிறிஸ்துமஸ் வரை நான் உன்னைத் திரும்பக் கூப்பிட மாட்டேன்.

மீன்குழம்புக்குக் குடம்புளி எத்தனை சுளை போடுவாய்? நான் வைத்தது வாயில் வைக்க முடியவில்லை.

டேவிஸ்


குன்னங்குளம்
அக்டோபர் 28, 2013

அன்புள்ள டேவிஸ் சேட்டனுக்கு,

மூன்று சுளை. அதற்கு மேல் போட்டால் மீன் தெரியாது, புளிதான் தெரியும். போடுவதற்கு முன் கழுவவும்.

எனக்கு முதல் வேலை கிடைத்துவிட்டது, கூலியோடு. இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் பொறிஞ்சு சேட்டனின் பேக்கரி இருக்கிறது அல்லவா, நாம் கல்யாணம் ஆன புதிதில் பஃப்ஸ் சாப்பிட்ட இடம். டிசம்பர் வந்தால் துபாயிலும் தோஹாவிலும் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் பிளம் கேக் அனுப்பச் சொல்லிப் போனில் கூப்பிடுகிறார்கள். எடுக்க ஆளில்லை, எல்லார் கையிலும் மாவு. நான் ரொட்டி வாங்கப் போனவள், "சேட்டா, இன்டர்நெட்ல ஒரு பக்கம் செஞ்சு தரேன், அவங்களே அதுல எழுதி ஆர்டர் போட்டுடுவாங்க, நீங்க சாயங்காலம் கை கழுவிட்டுப் பாத்தா போதும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேக்கு வாசனை அதுல வருமா?" என்றார். வராது என்றேன். "பொய் சொல்லாத பொண்ணா இருக்கே, செய்" என்றுவிட்டார்.

செய்துவிட்டேன். மாதிரிப் பக்கம் ஒன்று இலவசமாகக் கிடைத்தது, அதைப் பிரித்து நமக்கேற்றபடி மாற்றினேன். முகப்பில் அவர் படம். கிடைத்தது ஒரே ஒரு பழைய படம், மஞ்சள் பூத்துப்போய் முகமே தெரியவில்லை. கறுப்பு வெள்ளையாக்கினேன், பளிச்சென்று வந்துவிட்டது. சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, பின்னால் மேகம் மாதிரி லேசான வெள்ளை. கீழே பெயர், அதற்குக் கீழே பேக்கரி தொடங்கிய வருடமும் இந்த வருடமும்: 1968 – 2013. ஒரு பக்கம் மெழுகுவத்தி ஏற்றிய கேக். அடக்கமாக, மரியாதையாக இருக்கிறது. என் கண்ணே பட்டுவிடும். சனிக்கிழமை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிடப்போகிறேன்.

ஒன்பது வருடம் வீணாகவில்லை டேவிஸ் சேட்டா. கை தானாகப் போகிறது.

ரோஸிலி


திருச்சூர்
நவம்பர் 5, 2013

அடி ரோஸிலி,

கை தானாகப் போன லட்சணத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

நேற்றுக் காலை மாவட்ட பேக்கரிக்காரர் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. "டேவிஸே, பத்துக்கு ஆறுல ஒரு கண்ணீர் அஞ்சலி போர்டு. மத்தியானத்துக்குள்ள வேணும். நம்ம குன்னங்குளம் பொறிஞ்சு போயிட்டாரு" என்றார். எனக்கும் கஷ்டமாகிவிட்டது. படம் கேட்டேன். "பசங்க இன்டர்நெட்ல போட்டுருக்காங்க" என்று போனை நீட்டினார்.

அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நம் கடையில் நீ செய்த அத்தனை அஞ்சலி போர்டிலும் இருக்கும் அதே கோடு. அதே மேகம். மெழுகுவத்தி வேறு. பெயருக்குக் கீழே இரண்டு வருடம், நடுவில் ஒரு கோடு. அதையும் எந்த நாளில் திறந்தாய்? கல்லறைத் திருநாளன்று. மனுஷனுக்கு இன்னும் என்னடி வேண்டும்? நாற்பத்தைந்து வயதில் ஒருவனுக்கு இவ்வளவு நரை இருக்குமா என்று ஊரில் ஒருத்தனும் கணக்குப் போடவில்லை.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம் யோசித்தேன். இந்த போர்டை அடித்துக் கொடுத்தால் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். உயிரோடு இருக்கிறவரைக் கொன்றவள் என்று உனக்குப் பெயராகும், ஒருவாரத்தில் நீ கடைக்கு வந்துவிடுவாய். யோசித்தவுடனே என்னை நானே திட்டிக்கொண்டேன். "மிஷின் ரிப்பேர், மத்தியானம் வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு பைக்கை எடுத்தேன்.

பொறிஞ்சு சேட்டன் வாசலில் நின்று மாவுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி குஞ்ஞன்னச் சேட்டத்தி அழுதுகொண்டிருந்தார். காலையிலிருந்து மூன்று மலர்வளையம் வந்துவிட்டதாம். சேட்டன் என்னிடம், "வாடா டேவிஸே, நீயும் எனக்கு மாலை கொண்டாந்தியா?" என்றார். பஃப்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சங்கத்துக்கும் சொல்லிவிட்டேன்.

உடனே அந்தப் பக்கத்தை மாற்று. பயந்து மூடிவிடாதே.

டேவிஸ்


குன்னங்குளம்
நவம்பர் 10, 2013

அன்புள்ள டேவிஸ் சேட்டனுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பொறிஞ்சு சேட்டன் ஆள் அனுப்பிவிட்டார். அழிக்கச் சொல்வார், வேலை போனது, டிசம்பரும் போனது என்று முடிவுகட்டிக்கொண்டே போனேன்.

அவர் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். "செத்தா யாரு வருவா யாரு வரமாட்டான்னு எல்லாருக்கும் ஒரு சந்தேகம் இருக்கும் மோளே. எனக்குத் தீந்துபோச்சு. என் தம்பி அந்தோணி பதினோரு வருஷமா பேசல. வாசல்ல விழுந்து அழறான், நான் பின்னால நின்னு, 'என்னடா'ன்னு கேட்டேன். மயங்கி விழுந்துட்டான்" என்றார். பக்கத்தை அழிக்கச் சொல்லவில்லை. குஞ்ஞன்னச் சேட்டத்திதான் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம். இரண்டு நாளாகப் போய் அவருடன் முந்திரி நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் விடியற்காலை டீச்சரின் போனை வாங்கிக்கொண்டு போய் அடுப்படியில் அவரைப் படமெடுத்தேன். கையெல்லாம் மாவு, ஜன்னல் வெளிச்சம், யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். கலரில், கோடு எதுவும் இல்லாமல் அப்படியே போட்டேன். வருடத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது பார்த்தால் பக்கத்திலிருந்து திட்டு விழுகிற மாதிரியே இருக்கிறது.

இரண்டு நாள் யோசித்தேன். ஒன்பது வருடம் நான் செய்ததில் பாதிக்குமேல் செத்தவர்களுக்கு. மரியாதை என்றால் கறுப்பு வெள்ளை என்று கை பழகிவிட்டது. எதையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அதுதான் இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது.

போர்டை அடிக்காமல் விட்டதற்கு நன்றி. அந்த ஒரு நிமிடத்தை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு இன்னும் பெரிய நன்றி. ஆனால் பேக்கரி வரை வந்தவர் நாலு கடை தள்ளியிருக்கும் என் மாடிப்படி ஏறாமல் போனது எனக்கு வருத்தம்தான். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரோஸிலி


திருச்சூர்
நவம்பர் 26, 2013

அன்புள்ள ரோஸிலிக்கு,

படிவரை வந்தேன். ஏறவில்லை. கிறிஸ்துமஸ் வரை கூப்பிட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். மேலே வந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன்.

இங்கே உன் பேச்சாகத்தான் இருக்கிறது. செத்துப் பிழைத்த பொறிஞ்சுவின் பக்கத்தைப் பார்க்காதவன் திருச்சூரில் இல்லை. பார்த்தவன் சும்மா போவானா, கேக்கும் சொல்லிவிட்டுத்தான் போகிறான் என்கிறார் செயலாளர். சங்கத்தில் இன்னும் ஐந்து பேக்கரிக்காரர்கள் அதே மாதிரி வேண்டுமென்று கேட்கிறார்களாம். என்னிடம் வந்து, "உங்க கடைதானே?" என்றார். இல்லை, அது ரோஸிலியுடையது, அவளிடமே போய்க் கேளுங்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கொஞ்சம் கோணியது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஒரு யோசனை. கடைப் பெயரை டேவிஸ் அன்ட் ரோஸிலி கிராபிக்ஸ் என்று மாற்றிவிடுகிறேன். உன் பெயரை முன்னால் போடவேண்டுமென்றால் அதுவும் சரி. நல்ல கம்ப்யூட்டர் வாங்குவோம். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு.

டேவிஸ்


குன்னங்குளம்
டிசம்பர் 14, 2013

அன்புள்ள டேவிஸ் சேட்டனுக்கு,

ஐந்தில் நான்கு பேருக்கு வேலை ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாமவருக்குத் தன் படத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்து வேண்டுமாம். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொல்ல முடிந்ததே, அதிலிருந்தே நான் காலூன்றிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர்ப்பலகையை மாற்ற வேண்டாம். செயலாளரிடம் நீங்கள் சொன்ன பதிலை நான்கு தடவை படித்தேன், எனக்கு அது போதும். கடை உங்களுடையது. பெரிய மிஷினும் மை நாற்றமும் கட்சிக்காரர்களும் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு இந்த மாடி பிடித்திருக்கிறது. இனி இவர்களுக்கு போர்டு அடிக்கும் வேலை வந்தால் உங்களுக்குத்தான் அனுப்புவேன், என் டிசைனோடு. படத்தை இழுக்கக் கூடாது.

இப்போது வீட்டுச் சங்கதி. உங்களைவிட்டு இருந்த இந்த மூன்று மாதத்தில் உங்கள்மேல் கோபம் குறைந்தது, பிரியம் குறையவில்லை. அந்தக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே இருந்ததில் நாம் புருஷன் பெண்டாட்டி என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து கதவைத் திறந்து, "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாக இருந்தால் நல்லது. உங்களுக்கும் அப்படி ஆசை இருந்தால் மட்டும் சரியென்று சொல்லுங்கள்.

இருபத்துநான்காம் தேதி மத்தியானம் வருகிறேன். இருபத்தேழாம் தேதி காலை முதல் பஸ்ஸில் இங்கே வேலைக்கு வந்துவிடுவேன், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இனி தினமும் இப்படித்தான். அந்தப் பயணம் எனக்குச் சிரமமில்லை.

வெறும் கையோடு காத்திருக்காதீர்கள். இந்தத் தடவை குழம்பு நீங்கள் வைத்திருங்கள், நான் பசியோடு வருவேன்.

உங்கள்
ரோஸிலி