கண்டிக்கச் சொன்ன கடிதம்

தாராவி,
17-5-64

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு மாட்டுங்காவில் கல்யாணத்துக்குப் போனேன். பட்டுச்சேலைக் கூட்டத்தின் பின்னாலேயே நுழைந்து, பாயசம் வரை சாப்பிட்ட பிறகுதான் அது வேறு யாருடைய கல்யாணமோ என்று தெரிந்தது. கூச்சத்தில் மொய்யையும் அங்கேயே எழுதிவிட்டேன். முன்னால் யார் போனாலும் பின்னால் போகிறவன் நான்.

அப்படிப்பட்டவனுக்கு இப்படியொரு மகளா என்று கேட்க, உன் மாமனார் நேற்று அம்பர்நாத்திலிருந்து வந்துவிட்டார்.

"சம்மந்தி, ஒங்க மவ லைன் வீட்டுப் பொம்பளைய அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டுப் போயி, வீட்டுச் சொந்தக்காரன் வாசல்ல வெறுங்கொடத்தோட உக்காந்துட்டா. எம்மவனும் அவ பின்னால கொடம் தூக்கிட்டு நிக்கான். அடங்கி இருன்னு கண்டிச்சு எழுதுங்க. இல்லன்னா கொண்டாந்து விட்டுருவேன்."

"குழாயில தண்ணி வந்துட்டா?"

"அது வந்துட்டு" என்றார். அந்தத் தண்ணீரில் குளித்து, திருநீறு பூசித்தான் வந்திருந்தார்.

எழுதுகிறேன் என்று சொன்னேன். இதுதான் அந்தக் கடிதம்: அடங்காதே.

ஒன்று மட்டும் கேள். கிளம்புமுன் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்டுக்கொள். பின்னால் வருகிற நாங்களும் யோசிக்கத்தான் செய்கிறோம், என்ன, கொஞ்சம் மெதுவாக.

ரயிலேறும்போதும் "கொண்டாந்து விட்டுருவேன்" என்றார். சம்மந்தி மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன். இல்லாவிட்டால், "நாளைக்கே கொண்டாந்து விடுங்க, எங்க குழாயும் ஒரு வாரமா வறண்டு கெடக்கு" என்று சொல்லியிருப்பேன்.

உன் பின்னால் வருகிற
அப்பா