அந்தமானில் அத்தை வாங்கித் தந்த மீன்குழம்பு

அத்தை,

இன்று காலை மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். அவளும் மாப்பிள்ளையும் விடுமுறைக்குக் கப்பலில் ஏதோ தீவுகளைச் சுற்றப் போகிறார்களாம், என்னையும் கூப்பிடுகிறாள். ஏறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமாம். எந்தத் தீவில் இறங்குவது, எந்தக் கடற்கரைக்குப் போவது, அந்த ஊர்ச் சாப்பாடா நம்ம ஊர்ச் சாப்பாடா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், "அம்மா, உனக்கு சைவமா அசைவமா? என்ன போடட்டும்?" என்றாள்.

"அசைவம்" என்று யோசிக்காமல் சொன்னேன். அவளும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். பேசி முடித்ததும் நான் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை உங்கள் எதிரில் சொல்ல முடியாமல் மூன்று வருடம் நான் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

என்னைப் பெண் பார்க்க நீங்கள் திருமானூருக்கு வந்த அன்று எங்கள் வீட்டில் விடியற்காலையிலேயே மீன் சட்டிகளை எல்லாம் கொல்லையில் கவிழ்த்து வைக்கோலால் மூடிவிட்டார்கள். பூர்வீகம் உடையார்பாளையம், இப்போது அரியலூரில் இருக்கிறார்கள், மூன்று தலைமுறையாகக் கவுச்சி படாத குடும்பம் என்று தரகர் சொல்லியிருந்தார். "நாங்களும் எப்பவாச்சும்தாங்க. பொண்ணு தொடவே மாட்டா" என்று என் அப்பா உங்களிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கொள்ளிடத்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். புதுத் தண்ணீர் வந்தால் கெளுத்தி, தண்ணீர் வடிந்தால் விரால் என்று எனக்கு மாதங்களே மீனை வைத்துத்தான் தெரியும். அப்பா சொன்ன பொய்யைத் தூக்கிக்கொண்டுதான் அரியலூரில் உங்கள் வீட்டுப் படி ஏறினேன்.

நீங்கள் என்னைக் கொடுமைப்படுத்தியதில்லை. அப்படிச் செய்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். நீங்கள் பேசவே மாட்டீர்கள். மாமா போன பிறகு அந்த வீட்டையும் ஒரு பசுவையும் ஒரே மகனையும் வைத்துக்கொண்டு தனியாளாக நின்றவர். காலையில் மாட்டைப் பார்ப்பீர்கள், சாமிக்குப் பூப் போடுவீர்கள், அடுப்பைப் பார்ப்பீர்கள். நான் வைத்த சாம்பாரை வாயில் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவீர்கள். அந்த மௌனத்தில் நான் ஏதேதோ படித்துக்கொள்வேன். அம்மா வீட்டுக்குப் போனால் ஆசை தீர மீன் சாப்பிட்டுவிட்டு, எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு பஸ் ஏறுவேன். வீட்டை நெருங்க நெருங்க விரல்களை மோந்து மோந்து பார்ப்பேன்.

மூன்றாம் வருடம் என்னால் முடியவில்லை. உங்கள் மகனிடம் அழுதேன். வேலை பார்த்த போஸ்ட் ஆபீஸில் திருச்சிக்கு மாற்றல் கேட்டு அவர் எழுதிப் போட்டார். அதை உங்களிடம் யார் சொல்வது என்பதில் இரண்டு மாதம் ஓடியது. மாற்றலே வந்துவிட்டது, வைகாசியில் அங்கே சேர வேண்டும். நீங்களோ அப்போதுதான் மாட்டுக் கொட்டகைக்குப் புதுக் கீற்று வேய ஆள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்கிடையில்தான் அந்தமான். ஆபீஸில் எல்லோரும் எல்.டி.சி. பயணச் சலுகையில் போகிறார்கள் என்று அவர் மூன்று பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தார். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அவருக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

நீங்கள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தீர்கள். கையை உதறிவிட்டு, "கடலைப் பாத்ததில்ல. போயிட்டு வரேன்" என்றீர்கள். அவ்வளவுதான். நான் நாட்களை எண்ணினேன். பேச்சில்லாத இரண்டு பேர், மூன்று நாள் போக, மூன்று நாள் வர, நடுவில் நான்கு நாள் ஒரே அறையில்.

மெட்ராஸ் துறைமுகத்தில் அந்த இரும்பு ஏணியில் நீங்கள் ஏறியது நினைவிருக்கிறது. ஒரு கையில் புளிச்சோற்றுத் தூக்கு, ஒரு கையில் வறுத்த முந்திரியும் பொரியும் கட்டிய மூட்டை. கப்பல் சமையலறையில் எல்லாம் ஒரே கரண்டிதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் கப்பல் சோற்றைத் தொடுவதில்லை என்று முடிவோடு வந்திருந்தீர்கள். புளிச்சோறு இரண்டாம் நாளோடு சரி. அதன் பிறகு உங்களுக்குப் பொரியும் முந்திரியும்தான். எனக்கு அதுவும் இல்லை. கரை மறைந்ததும் ஆரம்பித்த வாந்தி நிற்கவே இல்லை. படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினால் கப்பலே புரண்டது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்தீர்கள், வாந்தி எடுத்த கிண்ணத்தை எடுத்துப்போய்க் கழுவினீர்கள். அப்போதும் பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மாற்றல் சமாச்சாரம் தெரிந்தால் இந்தக் கை என்னைத் துடைக்குமா என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

போர்ட் பிளேரில் இறங்கியபோது தரையும் ஆடியது. லாட்ஜ் மேனேஜர் தமிழர்தான். பார்க்க வேண்டியதை எல்லாம் ஒப்பித்தார். செல்லுலார் ஜெயில், மியூசியம், கடற்கரை, படகில் வைப்பர் தீவு. "முதல்ல எங்க போறீங்கம்மா?" என்றார். நீங்கள், "முதல்ல இவளுக்குச் சோறு" என்றீர்கள்.

அபர்தீன் பஜாரில் மணிக்கூண்டைத் தாண்டி ஒரு சந்து. ராமநாதபுரத்துப் பக்கத்து அம்மா ஒருவர் நடத்திய சாப்பாட்டுக் கடை. வாசலில் நிற்கும்போதே தேங்காயும் புளியும் சேர்ந்து கொதிக்கும் வாசம். மீன்குழம்பு. வயிற்றில் ஒன்றுமில்லாத எனக்கு வாயில் நீர் ஊறியது, பயமும் சேர்ந்தே வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்குத் தயிர்சோறு போதும் அத்தை" என்றேன்.

கடைக்கார அம்மா, "உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு வாழைப்பழம் போதும்" என்றீர்கள். பிறகு என்னைக் காட்டி, "இவளுக்கு மீன்கொழம்பு ஊத்தி சோறு போடுங்க. தலை துண்டா இருந்தா நல்லது" என்றீர்கள்.

காதில் விழுந்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகம். "அத்தை, நான் அதெல்லாம்..." என்று இழுத்தேன்.

"சும்மா இரு புள்ள. மூணு வருசமா பாக்குறேன். உங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு வந்தா ஒரு வாரம் உன் மூஞ்சி தெளிவா இருக்கும். அப்பறம் சோறு எறங்காது. வந்த அன்னிக்கு நீ பூ கட்டுனா பூவுலயே கவுச்சி அடிக்கும். சாமிக்கு எப்புடிப் போடுறது? மாட்டுக் கொம்புல சுத்திவுட்ருவேன்."

நான் ஊரிலிருந்து திரும்பும் நாளில் மட்டும் பசு ஏன் பூ வைத்துக்கொண்டு நிற்கிறது என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, கடையில் இருந்த நான்கைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இலையில் குழம்பு வந்தது. நீங்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டாம் முறை சோறு கேட்டதும் நீங்கள்தான்.

"அப்பவே கேட்டிருக்கலாமே அத்தை" என்றேன்.

"நீ சொல்லுவன்னு பாத்தேன்" என்றீர்கள். "வேற ஏதாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கியா? இருந்தா இங்கயே கொட்டிடு. ஊர்ல போயிச் சொன்னா நாலு பேரு காதுல விழும்."

விளையாட்டாகத்தான் கேட்டீர்கள். நான் சாப்பிட்ட தைரியத்தில் சொல்லிவிட்டேன். திருச்சி மாற்றல், வைகாசி, நான் அழுதது, அவர் எழுதிப் போட்டது, எல்லாம். உங்கள் முகத்திலிருந்து முந்தானை இறங்கியது. வாழைப்பழத்தைப் பாதி உரித்தபடியே கையில் வைத்திருந்தீர்கள். "ம்" என்றீர்கள். லாட்ஜுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தீர்கள்.

மறுநாள் காலை வைப்பர் தீவுக்குப் படகு. "எனக்குப் படகு வேணாம். நீ போயிட்டு வா" என்றீர்கள். நானும் இருக்கிறேன் என்றதற்கு, "போவச் சொல்றேன்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்கள். போனேன். தீவில் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீர் பச்சையாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

மதியம் திரும்பி வந்தால் அறை பூட்டியிருக்கிறது. சாவி மேனேஜர் மேசையில். "அம்மா காலையிலயே வெளிய போனாங்க. எங்கன்னு சொல்லல" என்றார். திறந்து பார்த்தால் உங்கள் செருப்பும் அறைக்குள்ளேயே கிடந்தது. வெளியே ஓடினேன். கடற்கரைச் சாலை முழுக்கத் தேடினேன். படகுத்துறையில் இருந்த ஆளிடம் கையால் உயரம் காட்டி, வெள்ளைப்புடவை என்று என் புடவையைப் பிடித்துக் காட்டினேன். அவர் ஏதோ ஹிந்தியில் சொல்லிக் கடல் பக்கம் கையை நீட்டினார். அந்தக் கை நீண்ட திசையில் நான் பார்த்த நொடியை எப்படி எழுதுவது? ஒரே மகனையும் பிரித்துக்கொண்டு போகிறேன் என்று முதல்நாள் சொல்லியிருக்கிறேன். மறுநாள் கடலோரத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

தமிழ் தெரிந்த யாராவது போலீசில் சொல்ல உதவுவார்கள் என்றுதான் அந்தக் கடைக்கு ஓடினேன். வாசலிலிருந்தே கத்தினேன், "அம்மா, எங்க அத்தையக் காணோம்!"

உள்ளேயிருந்து உங்கள் குரல், "நான் எங்க போவேன்? இங்கதான் இருக்கேன்."

கடைக்கார அம்மாவின் அடுப்படியில், தனியாக வாங்கிய புதுப் பானை ஒன்றில் ரசம் வைத்துக்கொண்டிருந்தீர்கள். மூக்கைச் சுற்றி முந்தானையை இறுகக் கட்டியிருந்தீர்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மூச்சு எனக்கே திரும்பி வந்தது போல இருந்தது. நீங்கள் கரண்டியை வைத்துவிட்டு வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"பயந்துட்டியா?"

"செருப்புகூடப் போடாம போயிட்டீங்களே அத்தை."

"அது காலைக் கடிக்குது, அதான்" என்று சொல்லிவிட்டு அருகிலேயே உட்கார்ந்தீர்கள். "ரூம்ல படுத்திருக்க முடியல. இவகிட்ட வந்து பேசிக்கிட்டு இருந்தேன். இவ மவன் மெட்ராசுல இருக்கானாம். அவனப் பாக்கணும்னா மூணு நாள் கப்பல் ஏறணும். கப்பலும் நெனச்ச நேரத்துக்குக் கெடையாது. திருச்சி என்ன? பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம்."

நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"போறதப் பத்தி எனக்கு வருத்தமில்ல. சொல்லாம போவப் பாத்தீங்கள்ல, அதான் தாங்கல. போங்க. பால் காய்ச்ச நான் வருவேன். மாட்ட வுட்டுட்டு அங்க தங்க மாட்டேன், அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

அன்று மாலை கடற்கரைக்கு வந்தீர்கள். புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அலையில் நின்றீர்கள். அலை வந்து மோதும்போதெல்லாம் "ஏய், ஏய்" என்று கடலை அதட்டினீர்கள். நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மீதியிருந்த இரண்டு நாளில் ஜெயிலையும் பார்த்தோம், மியூசியத்தையும் பார்த்தோம். ஆனால் வேளை தவறாமல் அந்தக் கடைக்குப் போனோம். எனக்கு மீன், உங்களுக்கு நீங்களே வைத்த ரசம். திரும்பும் கப்பலில் எனக்கு வாந்தி வரவில்லை. நீங்கள் உடையார்பாளையத்து உறவுகள் ஒவ்வொருவரைப் பற்றியும் கதை கதையாகச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். மூன்று வருடத்துப் பேச்சும் அந்த மூன்று நாளில் வந்தது.

திருச்சி வீட்டில் பால் காய்ச்சினீர்கள். கொல்லைப்புறத்தில் ஒரு மண் அடுப்புப் போட்டு, "கவுச்சிய இங்க வெச்சுக்க" என்று இடம் காட்டினீர்கள். மாதம் ஒருமுறை வருவீர்கள். நான் மீன் ஆக்கும் நாளில் வந்துவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்து, "முடிஞ்சுதா, வரலாமா?" என்று கத்துவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். பசு செத்த பிறகு எங்களோடேயே வந்து இருந்தீர்கள். கடைசிப் படுக்கையில் உங்களுக்குக் கஞ்சி ஊட்டியதும், கிண்ணத்தைக் கழுவியதும் நான்தான். அப்போது நம் இருவருக்கும் நடுவில் மறைக்க எதுவும் இல்லை. வீட்டில் ஒரு மனுஷியிடம் பயமில்லாமல் இருக்க முடிந்தது என்பதுதான் நீங்கள் எனக்கு விட்டுப்போனது. இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

எதுவும் இல்லை என்று எழுதிவிட்டேன். ஒன்று உண்டு, அத்தை. அவருக்கு லீவு இல்லை என்றான அன்று, நீங்கள் வர மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். வருகிறேன் என்று சொன்ன பிறகும் விடவில்லை. கப்பல் ஏறுவதற்குள் உங்களுக்கு ஒரு காய்ச்சலாவது வரட்டும் என்று கேட்டேன். உங்களுக்குக் கேட்டதை அம்மன் கப்பலில் எனக்கே கொடுத்தாள், நீங்கள்தான் துடைத்துவிட்டீர்கள். இதைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.